தொட்டப்பா இல்லாத செல்கள்

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை தேவைப்படுகிறது. அந்தக் கதைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கோலார் தங்கவயலில் அப்பாவும் சித்தப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். சித்தப்பா பூமிக்குக் கீழே இருக்கும் நேரம் முழுக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பார். கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துபோனார். ஒருமுறை பேட்டிக்கு வந்த பத்திரிகைக்காரர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த மரணம்தான் உங்களை இந்தத் துறைக்குக் கொண்டுவந்ததா?"

இல்லை என்றேன். எம்.எஸ்ஸி. முடித்தபோது நான் சேர விரும்பியது செடிகளின் வேர்களைப் பற்றி ஆராய்கிற ஒரு லேபில். அங்கே இடம் இல்லை. அதே மாடியில் பக்கத்து லேபில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது புற்றுநோய் லேப். சேர்ந்தேன். இதையும் அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். அச்சில் சித்தப்பா மட்டும் வந்தார். வேர்கள் வரவில்லை.

ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் நான் டாக்டர் ஆகிவிட்டேன். பெங்களூர் பொம்மனஹள்ளியில் இருக்கிற என் அக்கா இன்றைக்கும் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எனக்குத்தான் முதலில் போன் செய்வாள்.

"உங்க ஆஸ்பத்திரில பெரிய டாக்டர் யாருடி?"

"ஆஸ்பத்திரி இல்லக்கா, லேப்."

"சரி, அந்த லேப்ல பெரிய டாக்டர் யாரு?"

என் வேலையின் பெரும்பகுதி ஒரே ஒரு புரதத்தோடு போயிற்று. அதன் உண்மையான பெயர் சில எழுத்துகளும் எண்களும் சேர்ந்தது, வெளியே சொன்னால் வண்டி நம்பர் மாதிரி இருக்கும். புரதங்களில் அது அளவில் பெரியது. அதனால் என்னிடம் முதலில் சேர்ந்த ஷிமோகா மாணவன் அதற்குத் தொட்டப்பா என்று பெயர் வைத்தான். கன்னடத்தில் பெரியப்பா. அந்தப் பெயரே லேபில் நிலைத்துவிட்டது. லேப் மீட்டிங்குகளில் மிகவும் சீரியசான முகத்தோடு "இன்னைக்கு தொட்டப்பா சரியா தெரியல" என்று பேசிக்கொள்வோம்.

தொட்டப்பாவை நான் கண்டது வெளிநாட்டில் வேலை பார்த்த வருடங்களில். கன்னப் புற்றுச் செல்களில் அது அளவுக்கு மீறி இருந்தது. அதனால்தான் புற்று வளர்கிறதா, இல்லை புற்று வந்த பிறகு அதுவும் கூடவே ஏறியதா என்பதுதான் கேள்வி. அப்போது ஒரு புதிய முறை வந்திருந்தது. ஆர்.என்.ஏ.வின் சிறு துண்டு ஒன்றைச் செல்லுக்குள் அனுப்பினால், நாம் குறிவைக்கிற ஒரு மரபணுவை மட்டும் அடக்கிவிடலாம். நான் தொட்டப்பாவை அடக்கினேன். சில நாட்களில் புற்றுச் செல்கள் சுருங்கி, பிளேட்டின் அடியிலிருந்து கழன்று, மிதக்க ஆரம்பித்தன. சாதாரணச் செல்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வேறொரு துண்டை வைத்தும் செய்து பார்த்தேன். அதே முடிவு. அன்றைக்குச் செய்ய வேண்டிய சோதனைகள் எல்லாவற்றையும் செய்தோம்.

நல்ல ஒரு பத்திரிகையில் அந்தக் கட்டுரை வந்தது. அதை வைத்துத்தான் பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்தது, லேப் கிடைத்தது, விவேக் நகரில் ஒரு வீடு வாங்கக் கடனும் கிடைத்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்கள் தொட்டப்பா யாரோடு சேர்கிறார், எங்கே ஒட்டுகிறார் என்று மாணவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்துப் பட்டம் வாங்கிப் போனார்கள். கடைசியில் வெளியூரிலிருந்து ஒரு மருந்து நிறுவனமும் எங்களோடு சேர்ந்தது. தொட்டப்பாவைத் தடுக்கிற மருந்து ஒன்றைத் தேடலாம் என்றார்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் கேட்டார்கள். இப்போது மரபணுவை அடியோடு வெட்டி எடுக்கிற கத்தரி முறை வந்துவிட்டதே, அதிலும் ஒருமுறை செய்து காட்டிவிடுங்களேன்.

அது ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்தேன். பழைய முறை மரபணுவை அடக்குகிறது, புதிய முறை அதை இல்லாமலே ஆக்கிவிடுகிறது. அடக்கினாலே சாகிற செல், இல்லாமல் போனால் இன்னும் சீக்கிரம் சாகும். ஆகவே புதிதாகச் சேர்ந்த மாணவியிடம் அந்த வேலையைக் கொடுத்தேன்.

அவள் மர்பி டவுனில் வளர்ந்தவள். அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், அம்மா சர்ச் ஸ்கூலில் டீச்சர். நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் கச்சிதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், தெரியாத ஒரு கேள்வி வந்ததும் "அய்யோ" என்றாள். கமிட்டியில் எனக்கு மட்டும்தான் அது சரியாகக் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு தனியாக இருந்தால் இருவரும் தமிழில் பேசிக்கொள்வோம். மற்றவர்கள் இருந்தால் கன்னடம் அல்லது ஆங்கிலம்.

மாதங்கள் போயின. லேப் மீட்டிங்கில் அவள் முறை வரும்போதெல்லாம் "இன்னும் சரியா வரல" என்பாள். புதிய முறை, புதிய பெண், நேரம் எடுக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். தசரா விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் ஒரு நாள் என் அறைக்கு வந்தாள்.

"மேம், ஃப்ரீயா?"

"சொல்லும்மா."

கதவைச் சாத்தினாள். என் அறைக் கதவை யாரும் சாத்துவதில்லை. படிப்பை விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"தொட்டப்பா போயிட்டாரு மேம்."

"என்னது?"

"செல்லுல இருந்து. மரபணுவ வெட்டியாச்சு. சீக்வென்ஸ் பண்ணிப் பாத்துட்டேன். புரதமும் இல்ல. சுத்தமா இல்ல."

"நல்லதுதானே? செல்லு எத்தன நாள்ல சாகுது?"

"சாகல மேம்."

அவளே தொடர்ந்தாள்.

"மெதுவா வளருதான்னு கேப்பீங்க. அதுவும் இல்ல. வெட்டாத செல்லு மாதிரியே வளருது. பிளேட் நெறஞ்சு நெறஞ்சு நான் பிரிச்சுப் பிரிச்சு வெச்சிக்கிட்டே இருக்கேன்."

"இது எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

"மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. நான்தான் ஏதோ தப்பு பண்றேன்னு நெனச்சேன் மேம். மறுபடியும் மறுபடியும் பண்ணேன். வேற பேஷன்ட்டோட செல்லுலயும் பண்ணிப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் இப்படித்தான் வருது."

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்று பின்னால் சிலர் கேட்டார்கள். முதலில் வந்தது எரிச்சல். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தாளே என்று. அடுத்து நினைத்தது, இவளுடைய கை சுத்தமான கை என்பது. இவள் வைக்கிற பிளேட்டில் கிருமி வந்து நான் பார்த்ததே இல்லை. தப்புச் செய்கிற பெண்ணாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இருந்தாலும் ஒரு கைட் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன். புரதத்தைக் காட்டிக்கொடுக்கிற ஆன்டிபாடி வேறொன்று வாங்கிப் பார். புரதத்தின் துண்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா பார். செல்களைக் கீழ்மாடி லேபுக்குக் கொடுத்து, எது எது என்று சொல்லாமல் அளக்கச் சொல். அவள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் முகத்தில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பாவனை. முடிவு மாறவில்லை.

கடைசியில் நானே செய்து பார்க்கிறேன் என்றேன்.

வருடக்கணக்காக நான் கையால் செய்த வேலை டைப் அடிப்பது மட்டும்தான். லேப் கோட் போட்டுக்கொண்டு செல் அறைக்குள் போனபோது, அங்கே வேலை பார்க்கிற உதவியாளர் "நீவே மாட்தீரா மேடம்?" என்று கேட்டார், நீங்களேவா செய்யப்போகிறீர்கள் என்ற ஆச்சரியத்தோடு. ஆமாம் என்றேன். எந்தப் பொருளும் நான் வைத்த இடத்தில் இல்லை. பிப்பெட் முனைகள் எங்கே, கிருமி அழிக்கிற திரவம் எங்கே என்று கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை, வரக்கூடாது என்று தெரிந்து நின்றாள். ஒரே ஒரு தடவை மட்டும், "மேம், அந்த பாட்டில் பழசு" என்றாள். வேறு பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.

கைக்கு வேலை மறக்கவில்லை. மரபணு வெட்டிய செல்களையும் வெட்டாத செல்களையும் எண்ணிக்கை சமமாக இருக்கும்படி பிளேட்டுகளில் விட்டு இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு பிளேட்டுகளும் நிறைந்திருந்தன. செல்கள் ஒன்றையொன்று ஒட்டி, கூழாங்கற்களைப் பரப்பிவைத்த மாதிரி. எது எது என்று மூடியில் எழுதியிருக்காவிட்டால் என்னால் சொல்லியிருக்க முடியாது. நன்றாக வளர்கிற புற்றுச் செல்கள் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து அவளைப் பார்க்கச் சொன்னேன். அவள் பார்த்துவிட்டு இரண்டையும் திரும்ப இன்குபேட்டருக்குள் வைத்தாள்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும், சொல்லத் தயங்கினாள் போலிருக்கிறது. நானே சொன்னேன்.

"தொட்டப்பா இல்லாத செல்லுல, பழைய ஆர்.என்.ஏ. துண்ட போட்டுப் பாரு."

அந்தத் துண்டின் வேலை தொட்டப்பாவை அடக்குவது. இந்தச் செல்களில் அடக்குவதற்கு ஆளே இல்லை. நான் இத்தனை வருடம் சொன்னது சரி என்றால் ஒன்றும் நடக்கக்கூடாது.

செல்கள் செத்தன. வெளிநாட்டில் நான் முதன்முதலில் பார்த்த அதே மாதிரி, சுருங்கி, கழன்று, மிதந்தன.

அப்படியானால் அந்தத் துண்டு வேறு எதையோ அடக்கித்தான் கொன்றுகொண்டிருந்தது, முதல் நாளிலிருந்தே. நான் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த இரண்டாவது துண்டிலும், முதல் துண்டில் இருந்த ஆர்.என்.ஏ. எழுத்துகளில் சில அதே வரிசையில் இருந்தன. வேறொரு மரபணுவும் அடங்கிப்போக அவ்வளவு சின்ன ஒற்றுமை போதும் என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் துறைக்கே தெரியவந்தது. இரண்டு சாட்சிகள் என்று நான் நினைத்தது ஒரே சாட்சி.

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. "டீ குடிக்கலாம் வா" என்றேன். கேன்டீனில் அவள் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"என் தீசிஸ் என்ன ஆகும் மேம்?"

"இதுதான் உன் தீசிஸ்."

"யாரு ஒத்துக்குவாங்க?"

"நான் ஒத்துக்கிட்டேன்ல?"

"நீங்க ஒத்துப்பீங்கன்னு எனக்குத் தெரியும் மேம்" என்றாள். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சமையலறையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியில் சாய்ந்து நின்றபடி சொன்னேன்.

"இத்தன வருஷம் பண்ணது சரியில்லன்னு தெரிஞ்சுபோச்சுக்கா."

"யாரு தப்பு பண்ணா?"

"யாரும் பண்ணல. அப்ப இருந்த முறையில அப்படித்தான் தெரிஞ்சுது."

"வேலைக்கு ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்குடி மூஞ்ச இப்படி வெச்சிருக்க? தட்ட எடு."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்த மருந்த யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"இல்லக்கா. மருந்தே இன்னும் வரல. மனுஷங்க வரைக்கும் போகவே இல்ல."

"அப்பாடா" என்றாள். இன்னொரு மீனை என் தட்டில் வைத்தாள்.

லேபுக்கு வெளியே நான் முதலில் சொன்னது, என் மாடியிலேயே இருக்கும் மூத்த சக ஊழியர் ஒருவரிடம். நல்ல மனிதர், எனக்கு வேலை கிடைக்கப் பேசியவர். முழுவதும் கேட்டுவிட்டு, இதை நீங்களே எழுத வேண்டும் என்று என்ன இருக்கிறது என்றார். சும்மா வேறு புரதத்துக்கு மாறிவிடுங்கள், உண்மை எப்படியும் ஒரு நாள் வெளியே வரும், வேறு யாராவது எழுதட்டும். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச வருடம்தானே.

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது நடைமுறையில் நடப்பதுதான். ஆனால் எழுதாமல் விட்டால் அந்தப் பெண் இங்கே படிக்கிற வருடங்களில் ஒன்றும் செய்யவில்லை என்றாகிவிடும். உண்மை, அறிவியல் என்றெல்லாம் பெரிதாக அப்போது எதுவும் நினைக்கவில்லை. அவளுடைய வருடங்களைத்தான் நினைத்தேன்.

வெளிநாட்டில் இருந்த என் பழைய வழிகாட்டிக்கு எழுதினேன். செல்களில் கிருமி இருக்கும், பாருங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. பார்த்தோம், இல்லை. செல்களை உலர்பனியில் வைத்து அவருக்கே அனுப்பினோம். சில மாதங்கள் கழித்து, "எங்களிடமும் வளர்கின்றன" என்று எழுதினார். கட்டுரையில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம்.

பழைய கட்டுரையை வெளியிட்ட பத்திரிகை புதியதை ஏற்கவில்லை. வாசகர்களுக்குப் பரவலான ஆர்வம் இருக்காது என்றார்கள். சிறிய பத்திரிகை ஒன்றில் வந்தது. மாணவியின் பெயர் முதலில், என் பெயர் கடைசியில். மருந்து நிறுவனத்தோடு ஒரு வீடியோ கால் நடந்தது. மிகவும் மரியாதையாகப் பேசினார்கள், நன்றி சொன்னார்கள், அதற்குப் பிறகு பேசவில்லை. ஆராய்ச்சிக்கான அடுத்த கிராண்ட் பணம் கிடைக்கவில்லை. லேபில் இருந்தவர்களில் இருவர் வேறு இடம் தேடிப் போனார்கள், நானே சிபாரிசுக் கடிதம் எழுதினேன். ஒரு வருடம் மற்ற லேபுகளின் ரசாயனங்களைக் கேட்டு வாங்கி ஓட்டினோம்.

இன்றைக்கும் என் பழைய கட்டுரையைத்தான் அதிகம் பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். புதியதைப் படித்தவர்கள் குறைவு. முதலில் அப்படிக் காட்டுகிறவர்களுக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். சிலர் நன்றி சொன்னார்கள், பலர் பதில் போடவில்லை. இப்போது எழுதுவதில்லை.

கடைசி வருடத்தில் மாணவி, அந்தத் துண்டு உண்மையில் எந்த மரபணுவை அடக்கியது என்று தேடிக் கண்டுபிடித்தாள். வேகமாகப் பிரிகிற எந்தச் செல்லும் அது இல்லாமல் உயிர்வாழ முடியாது. புற்றுச் செல்கள் வேகமாகப் பிரிகின்றன, அதனால் முதலில் செத்தன. சாதாரணச் செல்கள் மெதுவாகப் பிரிந்ததால் தாக்குப்பிடித்தன. புதிதாக ஒன்றும் இல்லை. மருந்துக்கும் உதவாது. அதை என்னிடம் சொல்லும்போது இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

அவளுடைய வைவா வாய்மொழித் தேர்வுக்கு அப்பாவும் அம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர்த் தேர்வாளர் கேள்விகளை முடிக்கிற சமயத்தில் கேட்டார்.

"ஆக, உங்கள் கைடின் கண்டுபிடிப்பு தவறு என்பதுதான் உங்கள் கண்டுபிடிப்பு, இல்லையா?"

அறையில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அந்தச் செல்கள் செத்தது உண்மை, சார். எதனால் செத்தன என்பதைத்தான் மாற்றியிருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, "இனி யாரும் இந்தப் புரதத்துக்கு எதிராக மருந்து தேட வேண்டியதில்லை" என்றாள். தேர்வாளர் என் பக்கம் திரும்பி, கைட் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன்.

வெளியே வந்ததும் அவளுடைய அப்பா என்னிடம் வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. மனைவி ஒரு பெரிய ஹாட்பாக்ஸில் லேப் முழுவதற்கும் பிரியாணி கொண்டுவந்திருந்தார்.

"நல்லா பண்ணாளா மேடம்?"

"ரொம்ப நல்லா பண்ணா சார்."

"என்ன கண்டுபுடிச்சான்னு கேட்டா, ஒண்ணு தேவையில்லன்னு கண்டுபுடிச்சேன்றா."

"அதேதான்."

"அதுக்கும் டாக்டர் பட்டம் குடுப்பாங்களா?"

"குடுத்தாச்சு சார்."

அவர் சத்தமாகச் சிரித்தார். மனைவி அவர் முழங்கையை இழுத்தார்.

அவள் இப்போது நகரத்திலேயே ஒரு நோய்க்கண்டறியும் லேபில் இருக்கிறாள். நோயாளிகளின் கட்டிகளில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பார்த்து டாக்டர்களுக்குச் சொல்லும் வேலை. சம்பளம் என்னுடையதைவிட அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவாள். அப்போது வேலையைப் பற்றிப் பேசுவோம், தொட்டப்பாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

எங்கள் லேப் சின்னதாகிவிட்டது. ஓர் அறுவை மருத்துவரோடு சேர்ந்து, வாயில் வெள்ளைத் திட்டு வருகிறவர்களில் யாருக்குப் புற்றாக மாறுகிறது, யாருக்கு அப்படியே நின்றுவிடுகிறது என்று பார்க்கிறோம். மெதுவான வேலை. நோயாளிகள் திரும்ப வர வேண்டும், வருடங்கள் போக வேண்டும். நான் ஓய்வுபெறும்போது இது பாதியில்தான் இருக்கும். கேட்கிறவர்களிடம் இப்படியே சொல்கிறேன்.

போன வாரம், இப்போதுள்ள மாணவன் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். புற்றாக மாறிய திட்டுகளில் எல்லாம் ஒரு புரதம் ஏறியிருக்கிறது, மற்றவற்றில் இல்லை. நல்ல படம், புரதம் இருக்கிற இடத்தில் விழுகிற கோடுகள் தெளிவாக இருந்தன. அவன் கண்கள் பளபளத்தன. எனக்கும் உள்ளுக்குள் ஏதோ குதித்தது. அந்தக் குதிப்பு இந்த வயதிலும் போகவில்லை.

"வேற முறையிலயும் ஒரு தடவ செஞ்சு பாத்துடு" என்றேன்.

அவன் முகம் கொஞ்சம் வாடியது. சரி மேம் என்று போனான். மதியம் நான் அந்தப் பக்கம் போனபோது அந்த வேறு முறைக்காகச் செல்களை வெளியே எடுத்து வைத்திருந்தான்.